தலையின் அமைப்பைப் படித்து முகம் வரைவது: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

போட்டோமேல் கட்டம் போட்டு முகம் வரைவதை விட்டு, தலையின் அமைப்பைப் படித்து வரையத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. தத்ரூபமாக முகம் வரைய ஆசைப்படும் யாருக்கும் இந்த வழியைத்தான் இப்போது சொல்வேன். கட்டம் போட்டால் அளவு சரியாக வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதே தலை கொஞ்சம் திரும்பினால் எப்படித் தெரியும் என்று கட்டம் சொல்லித்தராது.

நான் முதலில் எடுத்துக்கொண்டது லூமிஸ் முறை, அதாவது ஆண்ட்ரூ லூமிஸ் என்ற அமெரிக்க ஓவியர் சொல்லித்தந்த, எளிய வடிவங்களிலிருந்து தலையைக் கட்டி வரையும் முறை. ஓர் உருண்டை, இரண்டு பக்கமும் சீவித் தட்டையாக்கியது, நடுக்கோடு, புருவக்கோடு, அப்புறம் தாடை. முடி தொடங்கும் இடத்திலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கின் அடி, அங்கிருந்து தாடை நுனி, மூன்றும் ஏறக்குறைய சமம். இந்த அளவுகளைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, தலையைச் சாய்த்து வரைய முடிவதுதான். முகம் மேலே நிமிர்ந்தால் காது கண்ணுக்குக் கீழே இறங்கித் தெரியும். குனிந்தால் மேலே ஏறும். உருண்டையை மனதில் திருப்பிப் பார்க்கப் பழகியவருக்கு இது மனப்பாடம் செய்ய வேண்டிய விதியே இல்லை.

இந்த முறைக்கு ஒரு குறையும் உண்டு. அது தருவது சராசரியான ஒரு பெரியவரின் தலை. அதையே பிடித்துக்கொண்டு வரைந்தால் எல்லா முகமும் ஒரே குடும்பத்து ஆட்கள் மாதிரி வந்துவிடும். பெரியவர்களுக்குக் கண் தலையின் பாதி உயரத்தில் இருக்கும். குழந்தைக்குப் பாதிக்கும் கீழே. பல் விழுந்த முதியவருக்கு மூக்குக்கும் தாடைக்கும் நடுவே உள்ள தூரம் சுருங்கிவிடும். சாயல் கிடைப்பது இந்த விலகல்களில்தான். அதனால் எந்த முகத்தையும் வரையத் தொடங்கும் முன், ‘இது சராசரியிலிருந்து எங்கே விலகுகிறது?’ என்று பார்த்துக்கொள்கிறேன். நெற்றி அகலமா, தாடைமூலை கீழே இறங்கியிருக்கிறதா, கண்கள் உள்ளே போயிருக்கின்றனவா? சாயலில் பாதி அங்கேயே வந்துவிடும்.

மண்டை ஓட்டைப் படித்ததுதான் எனக்கு அதிகம் கொடுத்தது. அதில் 22 எலும்புகள். எல்லாவற்றின் பெயரும் வேண்டாம். புருவமேடு, நெற்றிப்பொட்டின் விளிம்பு, கன்ன எலும்பு, தாடைமூலை, இவை தெரிந்தால் ஷேடிங்கே மாறிவிடும். எலும்பு தோலுக்கு அருகில் இருக்கும் இடத்தில் நிழலின் விளிம்பு கூர்மையாக விழும். கன்னத்தின் சதையில் மெதுவாகக் கரையும். இது புரிந்த பிறகு, ‘இங்கே எவ்வளவு தேய்க்கலாம்’ என்ற குழப்பமே வருவதில்லை.

கண்ணும் அப்படித்தான். கண்விழி சுமார் 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள கோளம். பெரியவர்களிடையே அது பெரிதாக மாறுவதில்லை. பெரிய கண், சின்னக் கண் என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இமை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. இமைக்குத் தடிமன் உண்டு, அதன் நிழல் விழிமேல் விழும். கோளம் வளைந்து போவதால் வெள்ளை விழியும் ஓரங்களில் மங்கும். அதைத் தாள்வெள்ளையாக விட்டால் முகம் முறைப்பது போல இருக்கும். உதடும் பல்வரிசையின் வளைவைச் சுற்றிப் போவது; பக்கவாட்டில் திரும்பிய முகத்தில் அதன் தூர மூலை வேகமாக மறைவது அதனால்தான்.

முகத்தைத் தட்டைப் பரப்புகளாகச் செதுக்கிய அசாரோ தலை மாடல் ஒன்றும் வைத்திருக்கிறேன். ஒற்றை விளக்கை மேலே வைத்தால் மூக்கின் அடி, மேலுதடு, கீழுதட்டுக்குக் கீழே என்று எங்கெங்கே நிழல் வரும் என்பது பளிச்சென்று தெரியும். விளக்கை நகர்த்திப் பார்ப்பதற்கே அது தகும். தசைகளில் கடிக்கும் தசை, வாயைச் சுற்றிய தசை, கழுத்தின் நீளத் தசை, இவற்றுக்கு மேல் எனக்குத் தேவைப்படவில்லை. பென்சிலில் எச்பி, 2பி, 4பி போதும். முடிக்கு இந்தப் படிப்பு அவ்வளவாக உதவாது. அதைக் கற்றைகளாகப் பார்த்து தனியாகத்தான் பழக வேண்டும்.

மிக அருகில் பிடித்து எடுத்த செல்ஃபியில் மூக்கு பெருத்து, காதுகள் பின்னால் போயிருக்கும். அமைப்பு தெரிந்தால் அதைக் கண்டுபிடித்து ஓரளவு திருத்தலாம். இருந்தாலும் வரைவதற்கென்று போட்டோ தருபவர்களிடம், சற்றுத் தள்ளி நின்று ஜூம் செய்து எடுக்கச் சொல்லிவிடுகிறேன்.