பக்கத்து வீட்டுப் பாட்டுச் சத்தம்: ஃபோம் ஒட்டவா, புத்தக அலமாரி வைக்கவா?

சென்னை வாடகை வீடுகளில் நடுச்சுவர் பல இடங்களில் நாலரை இன்ச் செங்கல்தான், அதனால் அந்தப் பக்கம் பாடினால் இந்தப் பக்கம் வரி வரியாகக் கேட்கும். பலரும் முதலில் வாங்குவது ஃபோம் ஷீட். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

சத்தம் தடுப்பது: ஃபோம் நம் அறைக்குள் எதிரொலியைத்தான் குறைக்கும், சுவர் தாண்டி வருவதை நிறுத்தாது. சத்தத்தைத் தடுக்க எடை வேண்டும். சுவரை மறைத்து, இடைவெளி இல்லாமல் புத்தகம் அடுக்கிய அலமாரி ஓரளவு உதவும்.

செலவு: ஃபோமுக்குப் புதிதாகக் காசு. அலமாரியும் புத்தகமும் இருந்தால் நகர்த்தினால் போதும்.

காலி செய்யும்போது: ஃபோமின் பசை பெயிண்டை உரிக்கும், அட்வான்ஸில் பிடிப்பார்கள். அலமாரியால் அந்தத் தொல்லை இல்லை.

வீட்டில் குரல் பதிவு செய்பவருக்கு ஃபோம் சரி. பக்கத்து வீட்டுச் சத்தம்தான் பிரச்சினை என்றால் அலமாரி. ஆனால் பேஸ் (பாட்டில் 'டம் டம்' என்று வரும் தாழ்ந்த ஒலி) அதிர்வு இரண்டுக்கும் அடங்காது. அது தரை, சுவர் வழியாகவே வரும். அதற்கு, பாட்டுப் போடுபவர் ஸ்பீக்கரைப் பொதுச்சுவரிலிருந்து தள்ளி, கனமான ரப்பர் பாய் மேல் வைத்து, பேஸையும் குறைக்க வேண்டும். நேரில் போய்ப் பக்குவமாகக் கேளுங்கள்.