ஆக்டிங் டிரைவரை நம்பி 11,750 ரூபாய் இழந்தேன்: ஓர் எச்சரிக்கை

இன்று காலை, ஓட்டுநரை அனுப்பிய நிறுவனத்திடமிருந்து வந்த ஒரு குறுஞ்செய்தியைப் படித்த கையோடு இதை எழுதுகிறேன். "தங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று அதில் இருந்தது. என் 11,750 ரூபாயில் ஒரு பைசாகூடத் திரும்பி வரவில்லை, ஆனால் புகார் முடிந்துவிட்டதாம். வேறு எவரும் இப்படி ஏமாறக் கூடாது என்பதற்காக, நடந்ததைச் சொல்லிவிட்டு, ஆக்டிங் டிரைவரை, அதாவது நம் வண்டியை ஓட்டத் தற்காலிகமாக வரும் ஓட்டுநரை, அமர்த்துவோர் கவனிக்க வேண்டியவற்றையும் இறுதியில் எழுதுகிறேன்.

இரண்டு வாரங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை இரவு, சென்னை நீலாங்கரையில் நண்பர் வீட்டில் விருந்து. நான் குடித்திருந்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு பாயும் என்பதும், தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் அதற்கு 10,000 ரூபாய் அபராதம் என்பதும் எனக்குத் தெரியும். அபராதம் ஒருபுறம் இருக்கட்டும், பின்னிருக்கையில் மனைவியையும் ஆறு வயது மகளையும் வைத்துக்கொண்டு குடித்த நிலையில் ஸ்டீயரிங்கைத் தொட எனக்கு மனம் வராது. ஆகவேதான், செயலி வழியாக ஓட்டுநர்களை அனுப்பும் ஒரு நிறுவனத்தில், மாலையிலேயே 900 ரூபாய் கட்டி ஓட்டுநருக்குச் சொல்லிவைத்தேன்.

பதினொரு மணிக்கு ஓட்டுநர் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் நிறுவனத்தின் அடையாள அட்டை. இருக்கையில் அமர்ந்ததும் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்துவிட்டது. கிராம்பு மென்றுகொண்டிருந்தார். "பல்வலி சார்" என்றார். என் மனைவி இரக்கப்பட்டுக் கைப்பையிலிருந்து ஒரு வலி மாத்திரைகூட எடுத்துக் கொடுத்தாள். நானே குடித்திருந்ததால் அவரிடமிருந்து வந்த வாடை எனக்குத் தெரியவில்லை, அவளுக்கோ கிராம்பின் மணம் மட்டுமே தெரிந்தது.

திருவான்மியூரை நெருங்கும்போது தடுப்பு வைத்து வாகனங்களைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுபவர் வேறு ஒருவர்தானே என்ற நிம்மதியில் நான் முன்னிருக்கையில் சாய்ந்திருந்தேன். உதவி ஆய்வாளர் கருவியில் புதுக் குழலைப் பொருத்தி ஓட்டுநரை ஊதச் சொன்னார். இரண்டு முறை அரைகுறையாக ஊதி ஏமாற்றப் பார்த்தவர் மூன்றாவது முறை அதட்டலுக்குப் பயந்து முழுமூச்சாக ஊத, திரையில் 84 என்று காட்டியது. அந்த எண்ணைப் பார்த்த நொடியில், அதுவரை என் மகளின் உயிர் யார் கையில் இருந்தது என்பதை நினைத்து எனக்கு உடல் நடுங்கிவிட்டது. குடித்துவிட்டு ஓட்டுபவரோடு பயணம் செய்பவருக்கும் அபராதம் உண்டு என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2022-இலேயே அறிவித்திருந்ததால், உதவி ஆய்வாளர் அடுத்து என் பக்கம் திரும்பினார். செயலியில் இருந்த முன்பதிவைக் காட்டிய பிறகுதான் என்னை விட்டார். காவல்துறைமீது எனக்குக் குறை இல்லை, அவர்கள் நிறுத்தியிராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ! வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சாலையோரம் நின்று, 850 ரூபாய் கொடுத்துக் கால்டாக்சியில் வேளச்சேரி வந்து சேர்ந்தோம்.

மறுநாள் நிறுவனத்தின் மேலாளரே அழைத்தார். குரலில் அத்தனை பதற்றம், அத்தனை மன்னிப்பு. இந்த வழக்கு தெருவில் பணம் கட்டி முடிக்கக்கூடியதன்று, நீதிமன்றத்தின் வழியாகவே அபராதம் செலுத்த வேண்டும். ஓட்டுநரோ கையில் காசு இல்லை என்கிறார். அபராதம் கட்டிய ரசீதைக் காட்டினால்தான் வண்டி கிடைக்கும் என்ற நிலை. "இப்போதைக்கு நீங்கள் கட்டி வண்டியை எடுத்துவிடுங்கள் சார், இரண்டு வேலை நாட்களில் முழுத் தொகையும் உங்கள் கணக்குக்கு வந்துவிடும், அதற்கு நான் பொறுப்பு" என்றார் மேலாளர். செவ்வாய்க்கிழமை அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வண்டி வேண்டியிருந்தது. ஆகவே அவர் வாய்வார்த்தையை நம்பி, நான் செய்யாத குற்றத்துக்கு, இன்னொருவர் பெயரில், 10,000 ரூபாயைத் திங்கட்கிழமை கட்டினேன்.

அதன் பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. புதன்கிழமை கேட்டபோது கணக்குப் பிரிவில் இருக்கிறது என்றார்கள். வெள்ளிக்கிழமை, ஓட்டுநர் எங்கள் ஊழியர் அல்லர், நாங்கள் இருவரையும் இணைத்துவைப்பவர்கள் மட்டுமே என்றார்கள். ரசீதை அனுப்பினால், அது ஓட்டுநர் பெயரில் இருக்கிறது, நீங்கள் கட்டியதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். கட்டச் சொன்னதே நீங்கள்தானே என்றேன், அதற்குப் பதில் இல்லை. "நீங்களும் அன்று குடித்திருந்தீர்கள் அல்லவா?" என்று ஒரு பெண் ஊழியர் கேட்டதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. குடித்திருந்ததால்தானே அம்மா உங்களிடம் வந்தேன்! பொறுப்பேற்ற மேலாளர் இப்போது என் அழைப்பையே எடுப்பதில்லை. முன்பணம் 900, அபராதம் 10,000, கால்டாக்சி 850, ஆக மொத்தம் 11,750 ரூபாய்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டேன். இணையவழி வணிக நிறுவனங்கள் புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதும் வேலை காத்திருப்பதால், சொல்ல நினைத்த எச்சரிக்கைகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஓட்டுநர் எதையாவது மென்றுகொண்டு வந்தால் துப்பச் சொல்லுங்கள். குடிக்காத ஒருவரை அவர் அருகே நின்று இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள், சந்தேகம் வந்தால் சாவியைக் கொடுக்காதீர்கள். பயணம் முடியும் முன் பணம் கட்டாதீர்கள். தொலைபேசியில் யார் எப்படி உருகினாலும், எழுத்தில் வாங்காமல் இன்னொருவருடைய அபராதத்தைக் கட்டாதீர்கள்.