கடல் ஆலாக்களுக்கு எந்த லென்ஸ்: 100-400ஆ, 150-600ஆ?

ஆலாக்களை (டெர்ன் எனும் கடற்பறவைகளை) படமெடுக்க லட்சத்தீவுக்குக் கிளம்பும் வேலூர்ப் பக்கத்து நண்பர்கள் கேட்பது பெரும்பாலும் இதுதான்: கேனான் 100-400 மி.மீ. ஜூம் லென்ஸின் இரண்டாம் பதிப்பு போதுமா, சிக்மா 150-600 கன்டெம்பரரி வேண்டுமா? காவேரிப்பாக்கம் ஏரிக்கு என்றால் யோசிக்காமல் சிக்மா என்பேன். பறவை தூரத்தில் இருக்கும், நாம் கரையில் டிரைபாடை ஊன்றி நிற்கலாம். கடலுக்கு என் பதில் வேறு.

பிட்டி தீவையே எடுத்துக்கொள்வோம். லட்சத்தீவின் தலைநகர் கவரத்தியிலிருந்து படகில் போக வேண்டிய சின்ன மணல் திட்டு, பறவைகள் சரணாலயம். சூட்டி டெர்ன், பழுப்பு நாடி (பிரவுன் நாடி, Brown Noddy), பெரிய கொண்டை ஆலா எல்லாம் குஞ்சு பொரிக்கும் இடம். அதனால் கரையேறாமல் படகிலிருந்தே எடுப்பதுதான் முறை. அப்படியானால் 600 தானே நல்லது என்று தோன்றும். கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன சென்சார் உள்ள) கேமராவில் 600 மி.மீ. வைத்தால், 30 மீட்டர் தூரத்தில் படத்துக்குள் அடங்கும் அகலம் சுமார் 1.1 மீட்டர். கொண்டை ஆலா சிறகை முழுக்க விரித்தால் அதைத் தாண்டிவிடும், இறக்கை நுனி வெட்டுப்படும். 400-இல் 1.6 மீட்டருக்கு மேல் கிடைக்கிறது. பறவையும் அடங்கும், சுற்றிக் கொஞ்சம் வானமும் இருக்கும்.

ஆலா மீன் பிடிக்கும்போது இது இன்னும் தெளிவாகத் தெரியும். அலகைக் கீழே நீட்டி, அந்தரத்தில் இறக்கையடித்து நிற்கும். சட்டென்று உடம்பைத் திருப்பித் தலைகுப்புற விழும். அதே நொடியில் படகும் ஏறி இறங்கும். 600-இல் பார்த்துக்கொண்டிருந்தால் வெறும் நீலம்தான் மிஞ்சும். 200-இல் பறவையைப் பிடித்து, ஃபோகஸ் ஒட்டிய பிறகு 400-க்கு இழுப்பதே எனக்குச் சரிப்படுகிறது. குளிர்காலத்தில் காவேரிப்பாக்கத்துக்கு வரும் மீசை ஆலாக்களிடம் இதைக் கையில் பிடித்தே பழகிக்கொள்ளலாம், டிரைபாட் வேண்டாம்.

அப்புறம் உப்புத் தண்ணீர். கேனானில் தூசி, ஈரம் புகாத காப்பு லென்ஸ் முழுக்க உண்டு. சிக்மா கன்டெம்பரரியில் கேமராவோடு சேரும் மவுன்ட் பக்கம் மட்டும்தான் ரப்பர் வளையம். சாரல் தெறிக்கும் படகில் இது பெரிய வித்தியாசம். எடை கேனான் 1.6 கிலோவுக்குப் பக்கம், சிக்மா 1.9 கிலோவுக்கு மேல். காட்பாடியில் ரயில் ஏறும்போது தெரியாது, படகில் ஒரு மணி நேரம் தூக்கிப் பிடித்தால் தோள் சொல்லும். வெயில் ஏறிய பிறகு தண்ணீர் மேல் காற்று அலையடிக்கும், 600-இன் கூர்மை அதிலேயே போய்விடும்.

செகண்ட் ஹேண்டில் கேனான் 400 மி.மீ. எஃப் 5.6 லென்ஸ் கிடைத்தால்? 1.25 கிலோதான், பறக்கும் பறவைக்கு அருமை. ஆனால் ஆட்டத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர் இல்லை, ஜூம் இல்லை. ஆடும் படகுக்கு என் ஓட்டு அதற்கில்லை.

விலையில் சிக்மா வெகுவாகக் குறைவு. ஏற்கெனவே கையில் இருந்தால் இந்தப் பயணத்துக்காக மாற்ற வேண்டாம். 300-க்கும் 400-க்கும் நடுவில் வைத்து, ஷட்டர் வேகம் 1/2000 நொடியோ அதைவிட வேகமாகவோ வைத்து எடுங்கள். மழை உறை போட்டுக்கொள்ளுங்கள். அறைக்குத் திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் லென்ஸ் குழலைத் துடையுங்கள். காய்ந்த துணியால் தேய்த்தால் உப்புத் துகள் கீறல் போட்டுவிடும்.