பில்லில் பில்ஸ்டீன் ஷாக், வண்டியில் வெறும் ஸ்பேசர்: லெவலிங் கிட் போடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

அமெரிக்காவில் பிக்கப் டிரக் வாங்கும் நம் ஆட்கள் இப்போது நிறையப் பேர். வாங்கிய கொஞ்ச நாளிலேயே "முன்பக்கம் ஏன் தாழ்ந்து நிற்குது, லெவலிங் கிட் போடலாமா?" என்று கேட்கிறார்கள். முன்பக்கத்தை உயர்த்தி வண்டியை மட்டமாக நிற்க வைக்கும் பாகங்கள்தான் லெவலிங் கிட். தாராளமாகப் போடலாம். ஆனால் இந்த வேலையில் ஏமாற்றுவது ரொம்பச் சுலபம். எல்லாம் சக்கரத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும், வெளியே பார்த்தால் வண்டி உயர்ந்து அழகாகத்தான் தெரியும். ஹூஸ்டன் பக்கம் ஒரு கடையில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். விவகாரம் இன்னும் முடியாததால் கடையின் பெயரைப் போடவில்லை. பெயரைவிட அவர்கள் செய்த விதம்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.

என்னுடையது 2018 ஃபோர்டு எஃப்-150 பிக்கப், நாலு சக்கர டிரைவ். இந்த வண்டி கம்பெனியிலிருந்து வரும்போதே முன்பக்கம் ஏறக்குறைய 2 அங்குலம் தாழ்ந்துதான் வரும். அது குறை இல்லை. பின்னால் சரக்கு ஏற்றினாலோ டிரெய்லர் மாட்டினாலோ பின்பக்கம் அமுங்கும், அப்போது வண்டி மட்டமாக நிற்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். அதனால் அடிக்கடி படகோ டிரெய்லரோ இழுப்பவர்கள் லெவலிங் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. நான் இழுப்பதில்லை. 33 அங்குல டயர் போட ஆசைப்பட்டேன், அதற்கு முன்னால் இடம் வேண்டியிருந்தது.

முன்பக்கத்தை உயர்த்த முக்கியமாக மூன்று வழி. ஸ்ட்ரட்டின் (ஸ்ப்ரிங்கும் அதிர்வை அடக்கும் ஷாக்கும் சேர்ந்த பாகம்) தலைக்கு மேல் ஸ்பேசர் என்ற வட்டமான தடிப்புத் துண்டை வைத்து போல்ட் போடுவது ஒன்று. ஜோடி நூறு டாலருக்குள்ளேயே கிடைக்கும். ஸ்ப்ரிங்குக்கும் மேல் தட்டுக்கும் நடுவே ஸ்பேசர் வைத்து ஸ்ப்ரிங்கை இறுக்குவது இன்னொன்று. இதில் ஓட்டம் கொஞ்சம் விறைப்பாகிவிடும். மூன்றாவது, உயரத்தை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள புது ஷாக்கே போடுவது. பில்ஸ்டீன் கம்பெனியின் 5100 அப்படிப்பட்டது. அதன் உடம்பில் வெட்டியிருக்கும் பள்ளங்களில் ஒரு வளையம் உட்காரும், அதை எந்தப் பள்ளத்தில் வைக்கிறோமோ அதைப் பொறுத்து உயரம். ஃபோர்டு நிறுவனமே ஃபாக்ஸ் ஷாக் வைத்த லெவலிங் கிட் ஒன்றை எஃப்-150க்கு விற்கிறது. மூன்றாவது வழியில் செலவு அதிகம். வேலையும் அதிகம், ஏனென்றால் பழைய ஸ்ட்ரட்டிலிருந்து ஸ்ப்ரிங்கை அமுக்கிக் கழற்றிப் புது ஷாக்கில் ஏற்ற வேண்டும்.

நான் கேட்டது 5100, முன்னால் 2 அங்குலம், கூடவே அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்வது. எழுத்தில் எஸ்டிமேட் வாங்கினேன். பில்லும் அப்படியேதான் வந்தது: இரண்டு ஷாக், வேலைக்கூலி, 130 டாலர் அலைன்மென்ட், வரியோடு சேர்த்து 1,260 டாலர். கவுண்டரில் இருந்தவர் மரியாதையாகப் பேசினார். அலைன்மென்ட் பேப்பரைக் கேட்டேன். "பிரிண்டர் வேலை செய்யல, ஈமெயிலில் அனுப்பிடறேன்" என்றார். இன்றுவரை வரவில்லை.

வண்டியை எடுத்து வந்த அன்றே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. திருப்பி முடித்து ஸ்டீயரிங்கை விட்டால் அது தானாக நேராக வர வேண்டும் அல்லவா? பாதியில் நின்றுவிட்டது. ஹைவேயில் வண்டி அலைந்தது, நான் விடாமல் பிடித்துத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்னால் "டொக்" என்று உலோகம் உலோகத்தில் மோதும் சத்தம். இரவில் எதிரே வருபவர்கள் எல்லாரும் ஹெட்லைட்டை அடித்துக் காட்டினார்கள். என் லோ பீமே அவர்கள் கண்ணில் அடித்திருக்கிறது. கடைக்குப் போன் செய்தால் "புது ஷாக் செட்டாக ஆயிரம் மைல் ஆகும், ஓட்டுங்க" என்றார்கள்.

கடைக்குக் கொடுக்கும் முன்பே சக்கரத்தின் நடுப் புள்ளியிலிருந்து அதன் மேலுள்ள பெண்டரின் விளிம்பு வரை அளந்து, டேப்போடு போட்டோ எடுத்து வைத்திருந்தேன். தரையிலிருந்து அளக்காமல் இப்படி அளப்பதில் ஒரு நன்மை, டயரில் காற்று கூடினாலும் குறைந்தாலும், டயரையே மாற்றினாலும் அளவு மாறாது. முன்னால் இருந்தது 20¾ அங்குலம். இப்போது அளந்தால் 24. கேட்டது 2 அங்குலம், ஏறியிருப்பது 3¼.

டார்ச் அடித்துச் சக்கரத்தின் உள்ளே பார்த்தேன். பில்ஸ்டீன் 5100 வெள்ளி நிறத்தில் பளிச்சென்று இருக்கும். அங்கே நின்றது வண்டியோடு வந்த அதே கறுப்பு ஸ்ட்ரட், பழைய சேறு காய்ந்து ஒட்டியபடியே. அதன் தலையில் மட்டும் புதிதாக ஒரு கறுப்பு ஸ்பேசர், பக்கவாட்டில் "2" என்று அச்சு. இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் ஏபிஎஸ் பிரேக்கின் சென்சார் ஒயர் அதன் கிளிப்பிலிருந்து இழுபட்டு விறைத்து நின்றது. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் விரல் நுழைக்கும் தளர்ச்சிகூட அதில் இல்லை.

இந்த "2" என்ற எண்ணில்தான் இரண்டாவது ஏமாற்று இருக்கிறது, இதைத் தயவுசெய்து கவனியுங்கள். அது ஸ்பேசரின் தடிமன், வண்டி உயரும் அளவு இல்லை. ஸ்ட்ரட்டின் அடிப்பாகம், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கையான லோயர் ஆர்மின் நுனியில் இல்லாமல் நடுவாக்கில் மாட்டியிருக்கும். அதனால் அந்த இடத்தில் 1 அங்குலம் தள்ளினால் ஆர்மின் நுனியில் இருக்கும் சக்கரம் ஒன்றரையிலிருந்து இரண்டு அங்குலம் வரை இறங்கும். 2 அங்குலம் உயர வேண்டுமானால் மேலே வைக்கும் ஸ்பேசர் 1 அங்குலம், கொஞ்சம் கூடப்போனால் ஒன்றேகால், அவ்வளவுதான் இருக்க வேண்டும். ஒழுங்கான கம்பெனிகள் பெட்டியில் வண்டி எவ்வளவு உயரும் என்பதைப் போடுவார்கள். கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. கையில் இருந்ததை மாட்டிவிட்டார்.

அளவு மீறினால் அழகு மட்டும் கெடுவதில்லை. மேலே வைக்கும் ஸ்பேசர், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது வடிவமைத்ததைவிட அதிகமாகக் கீழே போக விடுகிறது. அப்போது மேல் கையான அப்பர் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் அப்பர் பால் ஜாயிண்ட் அதன் எல்லையில் போய் முட்டும். அப்பர் ஆர்ம் ஸ்ப்ரிங்கில் உரசும். நாலு சக்கர டிரைவ் என்றால் முன் ஆக்ஸிலின் கோணம் கூடி அதன் மூட்டை மூடும் ரப்பர் உறையான சிவி பூட் சீக்கிரம் கிழியும், கிரீஸ் வெளியே தெறிக்கும். கேஸ்டர், அதாவது பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டீயரிங் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம், குறையும். என் ஸ்டீயரிங் நேராகத் திரும்பாததற்கு அதுதான் காரணம். பால் ஜாயிண்ட் உருவினால் ஓடும் வண்டியில் சக்கரமே சாய்ந்துவிடும். பின் சீட்டில் என் பிள்ளைகள் உட்காரும் வண்டி இது. அதனால்தான் இவ்வளவு கோபத்தோடு எழுதுகிறேன்.

அப்புறம் அலைன்மென்ட். வேலை முடிந்ததும் போட்ட புது டயர்களில் முன் டயர் இரண்டையும் கையால் குறுக்கே தடவிப் பார்த்தேன். ஒரு பக்கமாகத் தடவினால் வழவழப்பு, எதிர்ப்பக்கம் தடவினால் ரம்பப் பல் போல விரலில் கீறியது. டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம், தவறினால் டயர் இப்படித்தான் தேயும். இதற்கென்றே இருக்கும் வேறொரு அலைன்மென்ட் கடைக்கு எடுத்துப் போனேன். அங்கே இருந்தவர் வயதானவர், மெக்ஸிகோக்காரர். வண்டியை லிப்ட்டில் ஏற்றிவிட்டு என்னைக் கீழே கூப்பிட்டார். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் லாக் நட்டில் விளக்கை அடித்து, "இதைப் பாருங்க சார்" என்று காட்டினார். நட்டும் மரையும் சேரும் இடத்தில் பழைய துரு ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது. டோவைச் சரிசெய்ய வேண்டுமானால் அந்த நட்டைத் தளர்த்தித்தான் ஆக வேண்டும். ஸ்பேனரே படவில்லை. அதாவது 130 டாலர் வாங்கிக்கொண்டு வண்டியை அலைன்மென்ட் மெஷினில் ஏற்றவே இல்லை. அவர் எடுத்துக் கொடுத்த பேப்பரில் முன் சக்கரம் இரண்டுக்கும் டோ சிவப்பு, கேஸ்டரும் சிவப்பு, அதாவது எல்லைக்கு வெளியே. இந்த ஸ்பேசரோடு கேஸ்டரை எல்லைக்குள் கொண்டுவர முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

வேறு ஒரு நல்ல மெக்கானிக்கிடம் ஸ்பேசரைக் கழற்றி, உண்மையான 5100 போட்டு, அலைன்மென்ட் செய்து, ஹெட்லைட்டையும் இறக்கி வைத்துவிட்டேன். இப்போது வண்டி நேராக ஓடுகிறது. அந்த மெக்கானிக்கிடம் ஒரு விஷயம் கவனித்தேன். லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது அவர் இறுக்கவில்லை. வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கினார். தொங்கலில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். "கடைசி டார்க்கை எப்போ வைப்பீங்க?" என்று கடையில் கேட்டுப் பாருங்கள். தடுமாறாமல் பதில் சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்கலாம்.

கொடுக்கும் முன் எஸ்டிமேட்டில் பார்ட் நம்பரோடு எழுதி வாங்குங்கள், "லெவலிங் கிட் 2 இன்ச்" என்று மொட்டையாக இருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஷாக் மாற்றினால் பழைய ஷாக்கை வண்டியிலேயே போட்டுத் தரச் சொல்லுங்கள். கழற்றாதவரால் அதைத் தர முடியாது. அலைன்மென்ட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள அளவுகள் அடங்கிய பேப்பர் கைக்கு வராமல் பணம் கட்டாதீர்கள், பிரிண்டர் கதை சொன்னால் மெஷின் திரையைப் போட்டோ எடுக்கக் கேளுங்கள். லேன் அசிஸ்ட், முன் ரேடார் உள்ள புது வண்டி என்றால் உயரம் மாறிய பிறகு கேமராவையும் ரேடாரையும் திரும்பக் காலிபிரேட் செய்ய வேண்டுமா என்று டீலரிடம் விசாரியுங்கள். வாரண்டியைச் சொல்லிச் சிலர் பயமுறுத்துவார்கள். 1975இல் வந்த மாக்னுசன்-மாஸ் சட்டப்படி வெளிப் பார்ட் போட்டதற்காக மட்டும் மொத்த வாரண்டியையும் மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பார்ட்டால்தான் பழுது வந்தது என்றால் அந்தப் பழுதுக்கு மறுக்கலாம். இப்படித் தடித்த ஸ்பேசர் போட்டு ஆக்ஸில் போனால் நாம் வாதாட வழி இல்லை.

டெக்ஸாஸில் மெக்கானிக் கடைக்கென்று மாநில உரிமம் எதுவும் கிடையாது. கலிபோர்னியாவில் என்றால் பீரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேரில் புகார் கொடுக்கலாம், இங்கே அப்படி ஓர் அலுவலகம் இல்லை. அதோடு 2025 ஜனவரியிலிருந்து தனியார் வண்டிகளுக்கு ஆண்டு பாதுகாப்புச் சோதனையையும் எடுத்துவிட்டார்கள். அதனால் இப்படி மாட்டியதை வேறு யாரும் தற்செயலாகப் பார்த்துச் சொல்லும் வாய்ப்பும் போய்விட்டது. நமக்கு இருப்பது கிரெடிட் கார்டும் கோர்ட்டும்தான். நான் கார்டில் கட்டியிருந்தேன். எஸ்டிமேட், பில், அளவுப் போட்டோ, கறுப்பு ஸ்ட்ரட் படம், துருப்பிடித்த நட்டின் படம், இரண்டாவது கடையின் அலைன்மென்ட் பேப்பர் எல்லாவற்றையும் கார்டு கம்பெனிக்கு அனுப்பினேன். கடைக்காரர் முதலில் அலைன்மென்ட் பணத்தை மட்டும் தருகிறேன் என்றார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் 1,260 டாலரும் திரும்பி வந்தது.

தேய்ந்த டயர்களுக்கும் ஸ்பேசரைக் கழற்றிய கூலிக்கும் இன்னும் எதுவும் வரவில்லை. டெக்ஸாஸின் ஏமாற்று வணிகத் தடைச் சட்டப்படி வழக்குக்கு 60 நாள் முன்பே எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். சிறு வழக்குகளுக்கான ஜஸ்டிஸ் கோர்ட்டில் 20,000 டாலர் வரை வக்கீல் இல்லாமலேயே கேட்கலாம். கெடு முடிந்ததும் மனு போடுகிறேன், தீர்ப்பு வந்தால் இங்கேயே எழுதுகிறேன். சமீபத்தில் லெவலிங் கிட் போட்டவர்கள் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் முன் சக்கரத்தின் உள்ளே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஸ்ட்ரட்டின் நிறத்தையும் அந்த டை ராட் நட்டையும் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.