ஒரு கவுன்சிலா, இரண்டு கவுன்சிலா? இங்கிலாந்தின் இரு உள்ளாட்சி முறைகள்

இங்கிலாந்தில் சில பகுதிகளை இரண்டு கவுன்சில்கள் ஆள்கின்றன, மற்றவற்றை ஒன்றே ஆள்கிறது.

இரண்டு கவுன்சில்கள் ஆளும் இரட்டை அடுக்கு முறை, இன்றைய வடிவில், 1972 உள்ளாட்சிச் சட்டப்படி 1974இல் நடைமுறைக்கு வந்தது. பள்ளி, சாலை, நூலகம், முதியோர் பராமரிப்பு ஆகியவை மேலே உள்ள கவுண்டி (பல மாவட்டங்கள் அடங்கிய பெரும்பகுதி) கவுன்சிலின் வேலை. வீட்டுவசதியும் கட்டட அனுமதியும் கீழே உள்ள மாவட்ட கவுன்சில்களிடம்.

இதன் சிக்கல் குப்பையில் பளிச்சென்று தெரியும். வாசலில் அள்ளுவது மாவட்டம், அள்ளியதை அகற்றி ஒழிப்பது கவுண்டி. தரம்பிரித்துச் சேகரிக்க மாவட்டம் கூடுதலாகச் செலவழித்தால், அகற்றும் செலவு குறைந்து மிச்சமாகும் பணம் கவுண்டியின் கணக்கில் சேரும். அதை ஈடுகட்ட, மறுசுழற்சிக்காகக் கவுண்டி மாவட்டத்துக்குப் பணம் தரும் ஏற்பாடு தேவைப்பட்டது. வீடுகளுக்கான உள்ளாட்சி வரியிலும் இதே கதைதான்: பில் அனுப்பி வசூலிப்பது மாவட்டம், பெரும்பங்கு போவது கவுண்டிக்கு. திட்டு மட்டும் பில் அனுப்பியவருக்கு!

ஒற்றை அடுக்கில் எல்லாம் ஒரே கவுன்சில். கார்ன்வால், வில்ட்ஷயர் 2009இல் மாறின. சாமர்செட்டில் கவுண்டியும் 4 மாவட்டங்களும் 2023இல் ஒன்றாயின. ஸ்காட்லாந்தும் வேல்ஸும் 1996 முதல் முழுக்க இப்படித்தான்.

இணைப்பு சுலபமில்லை. மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபட்ட வரி விகிதங்கள், கணினி முறைகள், குப்பை ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக்க ஆண்டுகள் பிடிக்கும். பரந்த கிராமப்புறத்தில் கவுன்சில் உறுப்பினர் ஒருவருக்கான வாக்காளர் எண்ணிக்கை கூடிவிடும். ஊர் அளவிலான சிறிய பாரிஷ் கவுன்சில்கள் அந்த இடைவெளியை ஓரளவே நிரப்பும். நெருக்கமான நகரத்துக்கு ஒற்றை அடுக்கே பொருத்தம். கிராமக் கவுண்டிகளில் அது அவ்வளவு உறுதியில்லை.

ஒரு பகுதி எந்த வகை என்று அறிய வரி பில்லைப் பார்த்தால் போதும்: கவுண்டிக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனித் தொகை இருந்தால் இரட்டை அடுக்கு.