பாவித்த ஜப்பான் பிளேனர் வாங்க முன் ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள்

திருகோணமலை நகரத்தில் பாவித்த ஜப்பான் மெசின்கள் விற்கிற கடையொன்றில் வாங்கிய 12 அங்குலத் திக்னஸ் பிளேனர் (பலகையை ஒரே தடிப்பாகச் சீவும் மெசின்), நிலாவெளியில் ஒரு வீட்டுப் பட்டறைக்குப் போய்க் கொஞ்ச நாளிலேயே மோட்டருக்குள் சுழலும் கம்பிச் சுற்றான ஆமேச்சர் எரிந்து நின்றுவிட்டது. கடையின் பெயர் இங்கே வேண்டாம். எப்படி ஏமாற்றினார்கள் என்பது தெரிந்தால் போதும்.

"230 வோல்ட், 3 குதிரை வலு, புதுசு மாதிரி" என்று சொல்லித்தான் விற்றார்கள். மெசினில் பளபளப்பான ஸ்டிக்கர் ஒன்றும் அதையே சொன்னது. அதை உரித்தால் அடியில் ஜப்பான் தகடு: 100 வோல்ட், 15 அம்பியர். ஸ்டாண்டுக்குக் கீழே தகரப் பெட்டிக்குள் வோல்ட்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் ஒன்றைப் பூட்டி, வெளியே நம்முடைய 13 அம்பியர் பிளக்கைப் போட்டுவிட்டிருந்தார்கள். ட்ரான்ஸ்போமர் 1000 விஏ (வோல்ட்டையும் அம்பியரையும் பெருக்கிய அளவு).

கணக்கு இதுதான்: 100 வோல்ட் × 15 அம்பியர் = 1500 விஏ. அதுவும் ஓடும்போது மட்டும். ஸ்டார்ட் ஆகும் நொடியில் பல மடங்கு இழுக்கும். 1000 விஏ பெட்டியில் லோட் ஏறியதும் வோல்ட் விழும், பிளேட்டுகள் பூட்டிச் சுழலும் வெட்டுத்தலை மந்தமாகும். மோட்டரைக் குளிர்விக்கும் விசிறியும் மோட்டரின் தண்டில்தான் இருக்கிறது. ஆகவே சூடு கூடும் நேரத்தில் காற்றுக் குறையும். கம்பிச் சுற்றின் வார்னிஷ் கருகும் மணம் வரும்போது காரியம் முடிந்திருக்கும். இப்படிப்பட்ட மெசினைத்தான் வாங்குவதென்றால், தொடர்ந்து ஓடக்கூடிய 3000 விஏ ட்ரான்ஸ்போமர் வேண்டும். வெளியே வருவது 110 அல்ல, 100 வோல்ட்டாக இருக்க வேண்டும். 110 இல் வேகம் கூடி, கார்பன் பிரஷ் சீக்கிரம் தேயும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

3 குதிரை வலு என்பதும் சும்மா கதை. ஒரு குதிரை வலு 746 வாட். 1500 வாட் உள்ளே போகும் மோட்டர் வெளியே தருவது 2 குதிரை வலுவுக்கும் குறைவு. ஒப்பிட ஒரு நல்ல உதாரணம்: மகிட்டா 2012என்பி மொடலின் 230 வோல்ட் வகை எடுப்பதே 1650 வாட்தான். வீட்டுப் பட்டறைக்கு அது தாராளம்.

கடையில் காட்டிய ஓட்டம் இன்னொரு தந்திரம். பெட்டி உடைத்த பைன் பலகை, 4 அங்குல அகலம், அரை மில்லிமீற்றர் வெட்டு. அதில் எந்த மெசினும் பாடிக்கொண்டு ஓடும். லோட் என்பது அகலம், ஆழம், மரத்தின் வைரம் மூன்றும் சேர்ந்தது. நமது பக்கத்து முதிரையும் பாலையும் பைன் அல்ல. முதிரையில் நார் பின்னிக் கிடப்பதால் மழுங்கிய பிளேட் பிய்த்தெடுக்கும். எனவே 8 அங்குல முதிரைப் பலகை ஒன்றை மரக்காலையில் வாங்கிக்கொண்டே போங்கள். 1 மில்லிமீற்றர் வெட்டில் ஐந்தாறு முறை இடைவிடாமல் விடுங்கள். சத்தம் இறங்கினாலோ, பலகை நடுவில் நின்றாலோ வேண்டாம்.

காட்டிய பலகையின் இரண்டு முனையும் முன்கூட்டியே வாளால் அறுக்கப்பட்டிருந்தது. முனையிலிருந்து 5, 8 சென்ரிமீற்றரில் கூடுதலாக வெட்டி விழும் பள்ளத்தை மறைக்கத்தான் அது. பலகையை இழுக்கும் இரண்டு ரோலரில் ஒன்றின் பிடியில் மட்டும் பலகை இருக்கும்போது முனை தூக்குவதால் வருவது இது. கொஞ்சம் இருப்பது சாதாரணம். நகத்தில் தட்டுப்படும் அளவு என்றால் வெட்டுத்தலையைப் பிடிக்கும் லொக் தேய்ந்திருக்கலாம்.

பிளக்கைக் கழற்றிவிட்டு, ரப்பர் ரோலரில் நகத்தால் அழுத்துங்கள். கண்ணாடி மாதிரி இறுகியிருந்தால் வழுக்கும். வெட்டுத்தலையை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆடினால் பேரிங் போய்விட்டது. வெட்டிய பலகையின் இடது வலது ஓரங்களை வேர்னியரால் அளந்து பாருங்கள், 12 அங்குலத்துக்கு 0.2 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தலை சரிந்திருக்கிறது. பலகை நெடுக ஒற்றைக் கோடு மேடாக வந்தால் பிளேட்டில் பல் விழுந்திருக்கிறது. அதற்குப் பயப்பட வேண்டாம், ஒரு பிளேட்டை மட்டும் 1 மில்லிமீற்றர் பக்கவாட்டில் நகர்த்தினால் கோடு மறையும். ஆனால் அந்த மொடலுக்குப் புதுப் பிளேட் இலங்கையில் கிடைக்குமா என்பதைக் கடைக்காரரிடம் கேட்காதீர்கள், கொழும்பில் உதிரிப்பாகம் விற்பவரிடம் போனில் கேளுங்கள்.

"முறுக்குப் பலகையும் நேராகும்" என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஆகாது. ரோலர் பலகையை அமுக்கி வெட்டும், வெளியே வந்ததும் பழையபடி முறுக்கிக்கொள்ளும். முதலில் ஒரு முகத்தைச் சீவுளியால் தட்டையாக்க வேண்டும். அல்லது எம்டிஎப் பலகையில் வைத்து, ஆடும் இடங்களுக்குச் சிறு ஆப்பு ஒட்டி விட வேண்டும்.

பற்றுச்சீட்டில் மொடல் இலக்கம், தகட்டிலுள்ள வோல்ட், அம்பியர், வாரண்டிக் காலம் நான்கையும் எழுதச் சொல்லுங்கள். நிலாவெளிக்காரரிடம் இருந்தது "மெசின் 1" என்று மட்டும் எழுதிய துண்டு. முறைப்பாட்டைப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு, விற்ற நாளிலிருந்து 3 மாதத்துக்குள், எழுத்தில் கொடுக்க வேண்டும். அவர்களுடைய இலக்கம் 1977.