சுற்றுச்சுவர் ஓரத்துக்கு எந்தப் பூச்செடி? இட்லிப்பூ, செம்பருத்தி, அரளி, நந்தியாவட்டை: ஓர் ஒப்பீடு

வீடு கட்டி முடித்த கையோடு, சுற்றுச்சுவர் ஓரமாக எஞ்சும் மூன்று நான்கு அடி அகல மண்ணில் எதை நடலாம் என்று நர்சரியில் கேட்டால், பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றைத்தான் எடுத்துத் தருவார்கள். நான்கும் நம் வெயிலுக்குப் பழகியவை. ஆண்டின் பெரும்பகுதி பூப்பவை. ஆனால் மண்ணிடமும் தண்ணீரிடமும் அவை எதிர்பார்ப்பது ஒன்றல்ல. பூவின் நிறத்தைப் பார்த்துச் செடியை வாங்குவதைவிட, வீட்டுக் கிணற்றுத் தண்ணீரின் தன்மையையும், வீட்டில் யார் யார் வளைய வருகிறார்கள் என்பதையும் பார்த்து வாங்குவதே முறை என்பது என் உறுதியான கருத்து.

அழகில் இட்லிப்பூவுக்கு நிகரில்லை. நிரை கவரச் சென்ற மறவர் சூடியதாகச் சங்க இலக்கியம் சொல்லும் வெட்சி இதுதான். ஒரு கொத்து விரிந்தால் வாரக்கணக்கில் வாடாமல் நிற்கும்; வண்ணத்துப்பூச்சிகள் தேடி வரும்; மெதுவாக வளர்வதால் அடிக்கடி வெட்ட வேண்டியதும் இல்லை. ஆயினும் இது புளிப்புத் தன்மையுள்ள மண்ணை விரும்பும் செடி. கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் தானாகச் செழிக்கும் இதே செடி, கொங்கு நாட்டின் சுண்ணாம்புச் சத்து மிகுந்த கரிசலிலோ, ஆழ்துளைக் கிணற்றின் உப்புத்தண்ணீரிலோ திணறுகிறது. இளம் இலைகளில் நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாக நிற்க, இடைப்பகுதி முழுவதும் வெளிறி மஞ்சளாகிவிடும். மண்ணில் இரும்புச் சத்து இருந்தும், களர்த்தன்மையால் வேர் அதை எடுக்க முடியாமல் போவதே காரணம். சுவரோரத்தில் புதைந்து கிடக்கும் சிமெண்டுக் கட்டிகளும் சுண்ணாம்பும் இதை இன்னும் கெடுக்கும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து இலைகளில் தெளித்தால் பச்சை திரும்பும். ஆனால் தண்ணீர் மாறாதவரை மஞ்சளும் திரும்பத் திரும்ப வரும். செம்மண்ணும் நல்ல தண்ணீரும் உள்ளவர்கள் தயங்காமல் இதை நடலாம். மற்றவர்கள் தொட்டியில் ஒன்றிரண்டு வைத்துக்கொள்வது நல்லது.

தண்ணீர்ப் பிரச்சினை என்றதும் பலர் அரளியைச் சொல்வார்கள். வறட்சி, உப்பு, வாகனப் புகை எல்லாவற்றையும் தாங்கும்; ஆடு மாடு வாய் வைக்காது. நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் அதை வரிசையாக நடுவதும் இதனால்தான். எனினும் அதன் இலை, பூ, தண்டு, வேர் அனைத்திலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு இருக்கிறது. வெட்டிய கிளைகளை எரித்தால் வரும் புகைகூடத் தீங்கானது. 2024 மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவசம் வாரியம் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைத் தவிர்க்க முடிவு செய்தது. மஞ்சள் பூப் பூக்கும் பொன்னரளி வேறு செடியானாலும் அதுவும் நஞ்சே. தவழும் குழந்தையோ, கண்டதைக் கடிக்கும் நாய்க்குட்டியோ இருக்கும் வீட்டுக்குள் அரளி வேண்டவே வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

செம்பருத்தி பயன்மிகுந்தது. பூசைக்கும் தலைக்கு எண்ணெய் காய்ச்சவும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு செடி இருப்பது தனி வசதி. நாட்டுச் சிவப்புக்குள்ள உறுதி ஒட்டு ரகங்களுக்கு இல்லை. ஆனால் ஒவ்வொரு பூவும் ஒரு நாளோடு முடிந்துவிடும். புதுத் தளிர்களின் நுனிப்பகுதியில்தான் மொட்டு வரும் என்பதால், வேலிபோல மட்டம் பார்த்து அடிக்கடி வெட்டினால் இலை மட்டுமே மிஞ்சும். பெரிய தலைவலி மாவுப்பூச்சி. 2008இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மல்பெரி, மரவள்ளியோடு வீட்டுச் செம்பருத்திகளையும் விட்டுவைக்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து விட்ட பிறகே அது அடங்கியது. தளிர் சுருண்டு எறும்பு ஏறத் தொடங்கியதுமே அந்த நுனியைக் கிள்ளி அப்புறப்படுத்தி, தண்ணீரை விசையாகப் பீய்ச்சி, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் பெரும்பாலும் போதும். நல்ல வெயில் படும் ஓரிடத்தில் ஒரு செடியாக வளரவிடுவதே இதற்குப் பொருத்தம். வரிசையாக நட்டால் பூச்சியும் வரிசையாகப் பரவும்.

ஆக, சுவரோர வரிசைக்கு என் தேர்வு நந்தியாவட்டை. பாதி நாள் நிழல் விழும் இடத்திலும் பூக்கும்; இலை அடர்த்தியாக நிற்கும்; கிளைகளை வெட்டிவிடும் கவாத்தைப் பொறுத்துக்கொள்ளும்; இட்லிப்பூ அளவுக்கு மண்ணைக் குறித்து அடம்பிடிப்பதில்லை. ஒற்றை, அடுக்கு இரண்டும் கிடைக்கும். இதற்கும் பால் உண்டு; அது வாயில் படக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது அவசியம். சில பருவங்களில் ஒரே இரவில் கிளைகள் மொட்டையாகும். உற்றுப் பார்த்தால், தலைக்குப் பின்னால் நீலக் கண் போன்ற இரு புள்ளிகளோடு, விரல் தடிமனில் பச்சைப் புழு ஒன்று காம்போடு காம்பாக ஒட்டியிருக்கும். அரளியையும் தின்னும் பருந்து அந்துப்பூச்சியின் புழு அது. மருந்து தேவையில்லை, கையால் எடுத்துவிட்டால் செடி மறுபடி தழைத்துவிடும்.

வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னதாக, ஒன்றரை அடி ஆழக் குழியெடுத்து, கட்டடக் கழிவைப் பொறுக்கி எறிந்து, மட்கிய தொழு உரம் கலந்து, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, செடிக்குச் செடி மூன்றடி விட்டு நடவேண்டும். ஒட்டி நட்டால் முதல் ஆண்டு நிறைவாகத் தெரியும். பிறகு காற்றோட்டமின்றி அடி இலைகள் உதிரத் தொடங்கும்.